நாற்பது பங்கும் மூன்று கொசுறும்

தாவீது,

இதை வலக்கண்ணால் படி. இடக்கண்ணுக்குச் சனிக்கிழமை சென்னப்பட்டணத்தில் நிறைய வேலை இருக்கிறது. அந்த வேலையை அதற்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான், ஆகையால் இன்றைக்கு லீவு விடுகிறேன். நீ ரயிலேறிப் போன பிறகும் உன் அம்மா என்னிடம் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்பிடம் சொல்கிறாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் எனக்கும் கேட்கும். இன்று மத்தியானம், "அடுப்பே, துண்டு போட்டுப் பிள்ளையை வித்த மனுசன்கிட்ட சொல்லு, சோறு ஆறுது" என்றாள். அடுப்பு பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு மண்டிக்கு வந்து, காலியான தோல் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ சிரித்து மழுப்புவாய், நான் அதைவிடப் பெரிதாகச் சிரித்து மழுப்புவேன். நம் இரண்டு பேருக்கும் அந்த வியாதி உண்டு.

உனக்குத் தாவீது என்று பெயர் வைத்தது என் முதல் தப்பு. கவண்கல்லால் ராட்சசனை வீழ்த்துகிற பொடியனாக இருப்பாய் என்று நினைத்தேன், நீ கோலியாத்தாகவே வளர்ந்து நின்றாய். கோயிலில் பாதிரி ஐயர் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் சபையே உன் பக்கம் திரும்பிச் சிரிக்கும். சுண்ணாம்புக் குழியில் ஊறின எருமைத்தோலை இரண்டு பேர் கழியில் கோத்துத் தூக்குகிற இடத்தில், மீசை முளைக்காத வயதில் நீ ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு வருவாய். வேலூர்க் கோட்டையில் போலீஸ்காரர்களுக்குக் குத்துச்சண்டை பழக்கின சார்ஜெண்ட் துரை ஒருநாள் பூட்ஸுக்குத் தோல் பார்க்க ஆம்பூர் வந்தார். உன்னைப் பார்த்துவிட்டுத் தோலை வாங்காமலே போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு ஜோடி கையுறையோடு திரும்பி வந்தார். தோல் பார்க்க வந்தவர் தோள் பார்த்துவிட்டுப் போனார் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அப்போது சிரிப்பு எனக்கு அவ்வளவு மலிவாகக் கிடைத்தது.

இன்னும் முன்னால் போகிறேன், காரணம் இருக்கிறது. உனக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? அம்மா தண்ணீர்க்குடத்தோடு உள்ளே நுழைகிற நேரம் பார்த்து நாம் இருவரும் நடுவீட்டில் செத்துக் கிடப்போம். நாக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளி ஒரு காலை மட்டும் கோணலாக வைப்பது என் கைவேலைப்பாடு. அவள் நம்மைத் தாண்டிப் போய்க் குடத்தை இறக்குவாள், "அடுப்பே, ரெண்டு பொணம் கிடக்குது, ராத்திரிக்கு ஒரு ஆள் சோறு போதும்" என்பாள். அடுப்போடு அவளுக்கு அவ்வளவு காலத்துச் சிநேகம். அப்புறம் சத்தமாக எண்ணுவாள். பத்து வரைக்கும் அசையாமல் கிடந்த பிணத்துக்கு ஒரு துண்டு வெல்லம். நான் நிறைய வெல்லம் தின்றேன். நீ ஒருநாளும் தின்றதில்லை. மூன்று வரைக்கும் அருமையான பிணமாக இருப்பாய். நாலு என்றதும் வயிறு குலுங்கும், சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுவாய். கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்க்கிற வித்தையும் அந்த நாட்களில் நான் கற்றுக் கொடுத்ததுதான். மற்ற அப்பன்கள் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

போன வருஷம் கோலார் தங்கவயலில் நீ சண்டை போட்டபோது உன் மூலையில் துண்டோடு நின்றவன் நான். சுரங்கத்துக்காரன் அடித்த அடியில் நீ விழுந்தாய். நடுவர் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு என்றதும் நீ சிரித்துக்கொண்டே எழுந்தாய், ஜனங்கள் கூரையைப் பிய்த்துக் கத்தினார்கள். கடைசியில் ஜெயித்தும்விட்டாய். ஆனால் எழுந்ததற்கு அப்புறம் வாங்கின அடிகள்தான் உன் இடக்கண்ணில் விழுந்தவை. மூலையில் நிற்கிறவனுக்கு மூளை வேண்டும். என் கையில் இருந்த துண்டை அன்றைக்கே மேடையில் எறிந்திருந்தால், மூலையிலிருந்து துண்டு விழுந்தால் சண்டை நின்றது என்கிற அந்த விளையாட்டின் சட்டப்படி, உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பேன். நான் என்ன செய்தேன், கத்துகிறவர்களோடு சேர்ந்து கத்தினேன். முன்வரிசையில் ஒருவர் மட்டும் கத்தாமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்ட்டோ.

பின்ட்டோவை நான் பல வருஷமாகத் தோல் வியாபாரியாகத்தான் அறிவேன். பெரியமேட்டில் ஏற்றுமதிக் கிடங்குக்குச் சரக்கு வாங்குகிற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர், நம் மண்டிக்கு மாதம் ஒருமுறை வருவார். ஓய்வு நேரத்தில் அவர் ரெய்லியின் மேனேஜர் என்பது கோலாருக்கு அப்புறம்தான் தெரிந்தது. ரெய்லி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரக்கோணம் ரயிலில் நிலக்கரி அள்ளிப்போட்டுக் கை முறுக்கேறினவன், சென்னை ராஜதானியின் ஹெவிவெயிட் பட்டத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்காமல் வைத்திருக்கிறவன். அவனோடு பட்டத்துக்கு மோத உன்னைக் கேட்டுக்கொண்டு பின்ட்டோ ஆம்பூருக்கு வந்தார். பரிசுப் பணத்துக்கு அவர்கள் பர்சு என்கிறார்கள். முதல்முறை கேட்டபோது, நம் ஊர்த் தோலில் தைத்த பர்சு ஒன்றைத்தான் கொடுப்பார்களோ என்று, ஆட்டுத்தோலா கன்றுத்தோலா என்று விசாரித்தேன். பின்ட்டோ தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிக்க வைத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்று நம்புகிற ஆள் நான். பாதி முடிந்துதான் இருந்தது, எனக்கு எதிராக.

மண்டியில் விலை பேசுகிற விதம் உனக்குத் தெரியும். உனக்கு மாமனாராகப் போகிற பேரணாம்பட்டுக்காரர் வீட்டில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதால், வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவோம். அன்றைக்கு ஒரு விரல் என்றால் பத்தில் ஒரு பங்கு. நீ பத்தடி தள்ளித் தோல் கட்டின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய். தோல் தொழிற்சாலை ஆட்கள் பாதிப்பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் சாம்பியனுக்கு எட்டுப் பங்கு, உனக்கு இரண்டு என்று பின்ட்டோ என் இரண்டு விரலைப் பிடித்தார். நான் அவருடைய ஐந்தையும் பிடித்தேன். அவர் துண்டுக்குள் என் கையை உதறினார், வெளியே முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்த சலனம்கூட இல்லை. நான் முகத்தில் அழுகையைக் கொண்டுவந்தேன், விரலில் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று விரல் ஆனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நாலாவது விரலைப் பிடித்து அழுத்தினார். பட்டம் இல்லாதவனுக்குப் பத்தில் நாலு, நூற்றுக்கு நாற்பது. இந்தப் பக்கத்தில் யாரும் கேட்டிராத பங்கு. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டபோது, அது எனக்குப் பொன்னாடையாகத் தெரிந்தது.

அங்கேதான் ஏமாந்து போனேன். எதிராளி விலையில் சுலபமாக இறங்கி வந்தால் அவன் உன் சரக்கில் எதையோ பார்த்துவிட்டான் என்று அர்த்தம். நேற்று வேலைக்குச் சேர்ந்த தரகனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், மற்றவன் சரக்கென்றால். இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. துண்டை எடுத்த பிறகு, வாங்கினவன் கொசுறு கேட்பான். நூறு தோலுக்கு ஒன்று கூடப் போடு, கட்டுகிற கயிறு உன்னுடையது, வண்டிக்கூலியில் பாதி உன்னுடையது என்று. விலை முடிந்த பிறகு கொசுறுக்கு மறுக்கக் கூடாது. மறுத்தால் விலை கொடுத்ததற்கு வருந்துகிறான் என்று மண்டி பேசும், அடுத்த முறை எவனும் கை நீட்ட மாட்டான். என் வாழ்நாளில் நான் ஒரு கொசுறையும் மறுத்தவனில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

பின்ட்டோ சட்டையைச் சரிசெய்துகொண்டு, "கொசுறு தரகரே" என்றார். ரவுண்டு பத்து என்று பேசினோமே, அது பதினைந்தாக இருக்கட்டும். சரி என்றேன். கையுறை எட்டு அவுன்ஸ் வேண்டாம், ஆறு போதும். கையுறை மெலிந்தால் அடி கனக்கும் என்பதை மறந்து, தோல் மிச்சம், சரி என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவதாக, உன் மூலையிலிருந்து துண்டு விழுந்தால் செல்லாது, சண்டையை நிறுத்துவது நடுவர் பொறுப்பு மட்டும், டிக்கெட் வாங்கின ஜனம் ஏமாறக்கூடாது பாருங்கள் என்றார். என் துண்டு தோளை விட்டு இறங்காது துரை, சரி என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், வாயில் கடலையோடு. நாலு விரல் மயக்கத்தில் ஐந்து ரவுண்டும் இரண்டு அவுன்ஸும் ஒரு துண்டும் வண்டிக்கூலியைப்போலப் போய்விட்டன. அவற்றைப் பின்ட்டோ எழுதி எடுத்து வந்த காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டாய். நைனா சரி சொன்னதைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் உனக்கு இருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நீ வாசலில் உட்கார்ந்து கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தாய். நீ பிறந்ததிலிருந்து நான் செய்கிற குறும்பை அன்றும் செய்தேன். இடப்பக்கமாகப் பதுங்கி வந்து உன் காதைச் சுண்டினேன். எத்தனை வருஷமாகச் சுண்டுகிறேன், ஒருநாளாவது விரல் காதுக்குப் போய்ச் சேர்ந்ததுண்டா? பாதியிலேயே என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிடுவாய். அன்று விரல் காதில் பட்டது. நீ துள்ளிவிட்டாய். நான் கையை உன் முகத்துக்கு நேராக இடப்பக்கம் ஆட்டினேன், நீ துணி சுற்றுவதைத் தொடர்ந்தாய். உன் அம்மா உள்ளிருந்து அதைப் பார்த்தாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு அடுப்பு மட்டும் போதும் என்றானது.

வேலூரில் கண் டாக்டரம்மா உன் வலக்கண்ணை மூடச் சொன்னபோது நீ விரலிடுக்கில் பார்த்து எழுத்தையெல்லாம் படித்தாய். எனக்கு என் வித்தை தெரியாதா? என் உள்ளங்கையால் உன் வலக்கண்ணை இறுக மூடினேன், உனக்கு எழுத்தும் போய்விட்டது, பலகையும் போய்விட்டது. கண்ணுக்குள்ளே பார்வையைப் பிடிக்கிற பின்சவ்வு விலகிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பலமான அடி விழுந்தால் அந்தக் கண் போய்விடும், மற்றதற்கும் தன்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று அந்த அம்மாள் சொன்னார். ரெய்லியின் வலக்கை உன் இடப்பக்கமாகத்தான் வரும். நீ வெளியே வந்து மரத்தடியில் நின்று, "மெட்ராஸ் டாக்டர்கிட்ட இன்னும் நல்லா மூடிக்கிறேன் நைனா" என்றாய். மூடிக்கொண்டும்விட்டாய். சண்டைக்குத் தகுதி என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டதாக நேற்று பட்டணத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். உன் கைகளைப் பார்த்தால் உன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சுண்ணாம்பு தின்ற விரல்கள். குழியை விட்டு வெளியே வர, கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம் செய்து ஒரு செருப்புக்கடை வைக்க, அந்த நாற்பது பங்குதான் உனக்கு ஏணி. வாங்கிக் கொடுத்தவன் நான், எட்டி உதைக்கச் சொல்கிறவனும் நான்.

உனக்குச் சொல்லாமல் பெரியமேட்டுக்குப் போனேன். பின்ட்டோ காபி வரவழைத்தார். நான் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டேன். உள்ளே அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று, இரண்டு, ஒன்று. கடைசியில் வெறும் உள்ளங்கையை வைத்தேன், உனக்கு ஒன்றுமே வேண்டாம் என்று. சண்டையை ரத்து செய்தால் போதும், இல்லாவிட்டால் மூன்றாவது கொசுறையாவது திருப்பிக் கொடுங்கள், துண்டு எறிகிற உரிமை மட்டும் போதும் என்று வாய்விட்டுச் சொன்னேன். வியாபாரத்தில் நான் முதல்முறையாகத் துண்டுக்கு வெளியே பேசின விலை அது.

"கொசுறைத் திருப்பிக் குடுத்தவன் எங்கனா கீறானா தரகரே? கட்டோட சேர்ந்து அது போய்ட்ச்சி" என்றார். குரலில் வன்மம் ஒன்றுமில்லை. தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனிடம் பேசுகிற குரல்.

"பையனுக்குக் கண்ணு போய்டும் துரை."

"தெர்யும். கோலார்லயே பார்த்தேன். அதுக்குத்தான நாலு வெரல் குடுத்தேன்?"

காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பழக்கம் பார், ஒருவன் உபசரித்துக் கொடுத்ததை மறுக்கத் தெரியாத பழக்கம்.

வருகிற வழியில், அரக்கோணத்தில் வண்டி நின்றபோது, அந்தக் காகிதத்தில் ஒரு ஓட்டை இருப்பது புலப்பட்டது. துண்டு செல்லாது. விலகினால் பணம் இல்லை. ஆனால் விழுந்து கிடந்தால்? பத்து எண்ணும்வரை எழுந்திருக்காதவனுக்கு நாற்பது பங்கும் உண்டு, அதைத் தடுக்க ஒரு வார்த்தை இல்லை. இத்தனை காலம் தோலுக்கு விலை பேசினவன், தோல்விக்கும் ஒரு விலை இருப்பதைக் கண்டுபிடித்தேன். நீ கிளம்பின அன்று ஆம்பூர் ஸ்டேஷனில் உன் பெட்டியை ஏற்றிவிட்டு அதைத்தான் காதோடு சொன்னேன். முதல் ரவுண்டில், அடி விழுவதற்கு முன்னாலேயே, காற்று பட்டாலே போதும், படுத்துவிடு கண்ணு என்று. நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"தோல் விக்கிறவனுக்கு ஆளும் தோலாத்தான் தெரியும் இல்ல நைனா?" என்றாய்.

பிறகு சிரித்தாய். ஊரே எனக்காக டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறது, அவர்கள் முன்னால் நான் எப்படி நைனா என்று கேட்டாய். ஏலகிரிப் பக்கம் மேகம் கவிந்திருந்தது, வண்டி கிளம்பிவிட்டது. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். நீ சொன்னது சரிதான். ஆளையும் தோலாகப் பார்த்துத்தான் அன்றைக்கு மண்டியில் உட்கார்ந்தேன். விலை முடிந்தால் சரக்கு கை மாறிவிடும், அதற்கு அப்புறம் அதைக் கிழித்தாலும் வெட்டினாலும் வாங்கினவன் பாடு. சரக்கு திரும்பி வந்து என் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு கேட்கும் என்கிற கணக்கு தோல் வியாபாரத்தில் இல்லை. ஆனால் ஊரைப் பற்றி நீ சொன்னது தப்பு. ஊர் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வரைதான் சத்தம் போடும். விழுந்தால் ஒரு மாதம் உன்னைக் கேலி பேசும். பேசட்டும், அதைவிட நன்றாக உன்னைக் கேலி பேசக்கூடியவன் வீட்டிலேயே இருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பெண் உன் இடப்பக்கம் வந்து நிற்கும்போது அவள் வந்திருப்பது உனக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேறு புத்திமதி சொல்லத் தெரியவில்லை. அப்பன் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் நிமிர்ந்து நில் என்று எழுதுவார்கள். நான் படுத்துக் கிட என்று எழுதுகிறேன். பத்து வரைக்கும் கிட. நாக்கைத் தள்ள வேண்டாம், காலைக் கோணலாக வைக்க வேண்டாம், சும்மா கிடந்தால் போதும்.

இவ்வளவையும் மண்டியில் எழுதி, வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். கடைசி வரி முடிகிறவரை அவள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை நாளுக்கு அப்புறம், அடுப்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் நாலுலயே சிரிச்சிடுவான்யா" என்றாள்.

எனக்கும் தெரியும். தெரிந்தேதான் உறையில் போட்டு ஒட்டப்போகிறேன். சனிக்கிழமை உன் மூலையில் நிற்பேன், செல்லாத துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. அது உனக்கு இடப்பக்கம், என்னை நீ பார்க்க மாட்டாய். உன் அம்மாவும் வருகிறேன் என்கிறாள், இதுவரை ஒரு சண்டைக்கும் வராதவள். நடுவரோடு சேர்ந்து அவளும் எண்ணுவாளாம், உனக்குப் பழகின குரலில். மடியில் வெல்லம் முடிந்துகொண்டிருக்கிறாள்.

நாலு வரும்போது பல்லைக் கடித்துக்கொள், கண்ணு.

நைனா